ஒரே அறை, எட்டு வகுப்பு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மழைக்கால வாசிப்பைப் பற்றி எழுதும்போது, கிராமத்து ஓரறைப் பள்ளிக்கூடங்களைக் களமாகக் கொண்ட பழைய காலத்து நாவல்கள் எனக்கு உயிர் என்று நாலு வரி சேர்த்திருந்தேன். ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை அதைச் சொல்வதில் வியப்பில்லைதான். ஆனால் அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் அடுக்காகச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'தீஸ் ஹேப்பி கோல்டன் இயர்ஸ்' நாவலை வாங்கி 13 வயது மகளுக்குக் கொடுத்தேன். நாற்பது பக்கம் படித்தாள். "அம்மா, பள்ளிக்கூடம் போறா, வர்றா, குளிருது. வேற ஒண்ணுமே நடக்கலையே" என்று மூடி வைத்துவிட்டாள். நான் புரட்டிப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்களுக்கு என்ன புரியவில்லை? (வாசகி, தாராபுரம்)

உங்கள் மகள் சொன்னது சரிதான் அம்மா. பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், குளிர்கிறது. கதை அவ்வளவுதான். ஆனால் போகிறவள் யார் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

எழுதியவர் தம் இளவயதையே கதையாக்கியிருக்கிறார், நாயகி பெயரும் லாராதான். கதையில் லாராவுக்கு அப்போது 15 வயது. உங்கள் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். வீட்டிலிருந்து 12 மைல் தள்ளி, யாரோ குடியிருந்துவிட்டுக் காலி செய்த பலகைக் குடிசையில் பள்ளிக்கூடம். பலகை இடுக்கு வழியாக வெளிச்சமும் வரும், பனித்தூளும் வரும். மாணவர்கள் ஐந்தே பேர். அதிலும் சிலர் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர்கள், உயரமானவர்கள். இரண்டு மாத வேலைக்கு மாதம் 20 டாலர் சம்பளம். பார்வை போன அக்கா மேரி அயோவாவில் பார்வையற்றோர் கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் படிப்பு நிற்காமல் இருக்கத்தான் இந்தப் பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். தங்கியிருக்கும் வீட்டு அம்மாவோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு நடு இரவில் அந்த அம்மா கையில் கத்தியோடு கணவன் முன்னால் நிற்பதை, லாரா தன் படுக்கையை மறைத்த திரையின் இடுக்கு வழியாகப் பார்க்கிறாள். மறுநாள் காலை எழுந்து வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். "போறா, வர்றா" என்பதன் கனம் இதுதான்.

ஓர் இடத்தை மட்டும் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கிளாரன்ஸ் என்று ஒரு பையன். கெட்டிக்காரன், ஆனால் வேண்டுமென்றே படிக்காமல் வருவான், பக்கத்தில் இருப்பவளின் பின்னலைப் பிடித்து இழுப்பான். லாராவால் அவனை அடிக்கவும் முடியாது, அதட்டவும் முடியாது. வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொல்கிறாள். அம்மாவும் ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்தவர். அவனுக்கு வேண்டியது உன் கவனம்தான், அதைக் கொடுக்காதே, விட்டுப் பிடி என்கிறார். அடுத்த முறை பாடம் வைக்கும்போது லாரா அவனிடம் தணிவாக, இது உனக்கு அதிகமாக இருக்குமோ, எவ்வளவு உன்னால் முடியும் என்று கேட்கிறாள். மற்றவர்களுக்கு முழுப் பாடம், அவனுக்கு மட்டும் குறைச்சல். குரலில் கேலி துளியும் கிடையாது. அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிடுகிறது. கொஞ்ச நாளில் தானாகவே வீட்டில் உட்கார்ந்து விட்டதையெல்லாம் படித்து மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறான்.

ஒரு பையன் பாடம் படித்துவிட்டு வந்தான் என்பதை நிகழ்ச்சி என்று சொல்லலாமா? 31 வருடம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன், அதைவிடப் பெரிய நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

ஒரு யோசனை. இதை மகள் தனியாகப் படிக்க வேண்டாம். இரவில் ஒரு அத்தியாயம், நீங்கள் வாசிக்க அவள் கேட்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை பனிச்சறுக்கு வண்டியின் மணிச்சத்தம் கேட்டு லாரா தலைநிமிரும் இடம் வரும். இவளை வீட்டுக்குக் கூட்டிப்போக, பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில் ஒருவன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்திருப்பான். அந்த இடத்தில் உங்கள் மகள் புத்தகத்தை மூடச் சொல்ல மாட்டாள்.

கேள்வி: இந்தக் கதைகளில் ஒரே ஆசிரியர் எட்டு வகுப்புக்கும் எல்லாப் பாடமும் எடுக்கிறார். நேரக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடம்கூட வரவில்லை. கதைக்காக மிகைப்படுத்துகிறார்களா? (ஓய்வுபெற்ற பொறியாளர், சேலம்)

உங்கள் கணக்கு சரி ஐயா. பத்து நிமிடம்தான். மிகைப்படுத்தவில்லை, அப்படித்தான் நடந்தது.

அறையின் முன்பக்கத்தில், ஆசிரியர் மேசைக்கு எதிரே ஒரு நீள பெஞ்சு கிடக்கும். மூன்றாம் வகுப்பு வாசிப்பு என்று கூப்பிட்டால் அந்த வகுப்பில் இருக்கும் மூன்று பேரோ நாலு பேரோ எழுந்து வந்து அதில் உட்கார்ந்து ஒப்பிக்க வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் அவர்கள் போவார்கள், அடுத்த வகுப்பு வரும். மீதிப் பேர் அவரவர் இடத்தில் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள். அதாவது எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்கள். சூட்சுமம் அங்கேதான். ஒரு பிள்ளைக்கு நேராகக் கிடைப்பது பத்து நிமிடம். காதில் விழுவது நாள் முழுக்க. ஏழாம் வகுப்புப் பாடத்தை ஒரு பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வருவதற்குள் ஆறு தடவை கேட்டு முடித்திருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1984 இல் எனக்குக் கிடைத்த முதல் வேலை மலையடிவாரத்து ஓராசிரியர் பள்ளியில். ஐந்து வகுப்பு, 27 பிள்ளைகள், ஒரே கரும்பலகை. அதைச் சாக்பீஸால் மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வேன். மணி என்று எதுவும் கிடையாது. வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான். ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பையனிடம் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டேன். ஏழு பதினாறு என்ற இடத்தில் நின்றுவிட்டான். பின்னாலிருந்து "நூத்திப் பன்னெண்டு டீச்சர்" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் இரண்டாம் வகுப்புப் பெண், சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அன்றிலிருந்து இந்த வகை நாவல்களில் "பின்வரிசையிலிருந்து ஒரு சிறு குரல்" என்று வந்தால் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை ஆங்கிலேயர்கள் 'மெட்ராஸ் முறை' என்றே அழைத்தார்கள். 1789 இல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் கொண்டுவர ஆசிரியர்கள் இணங்காததால் ஒரு சிறுவனைக் கொண்டே சின்னவர்களுக்குக் கற்பித்தார். 1797 இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கடல் தாண்டிப் போன கதை அது.

பொறியாளர் என்பதால் இதுவும் உங்களுக்குப் பிடிக்கும். 1785 ஆம் ஆண்டு அமெரிக்க நில அளவைச் சட்டப்படி ஒவ்வொரு நகரியத்தையும் ஒரு சதுர மைல் அளவுள்ள 36 கட்டங்களாகப் பிரித்தார்கள். அதில் 16 ஆம் எண் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு. ஊர் வருவதற்கு முன்பே வரைபடத்தில் பள்ளிக்கு இடம் விழுந்துவிட்டது. இந்த நாவல்களில் பிள்ளைகள் நடக்கும் தூரமெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் நடக்கும் தூரம்தான்.

கேள்வி: அங்கே இப்போதும் அப்படிப்பட்ட பள்ளிகள் உண்டா? (வாசகர், காரைக்குடி)

மிகச் சில. 1919 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,90,000 ஓரறைப் பள்ளிகள் இருந்தன. நல்ல சாலையும் பள்ளிப் பேருந்தும் வந்ததும் பல பள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். பழைய கட்டடங்கள் சில இன்று அருங்காட்சியகம்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் ஓடாது. தமிழில் இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே இடையிடையே படிப்பேன், அதனால் பெரிய புத்தகம் வேண்டாம். (வாசகி, திருப்பூர்)

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்'. சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த குறுநாவல். நூலகத்தில் கேளுங்கள், பழைய புத்தகக் கடையில் கேளுங்கள். என்னிடம் இருப்பதன் அட்டை போய்விட்டது. செய்தித்தாளால் அட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

1924 ஆம் ஆண்டு, கிர்கீசிய மலைக் கிராமம். படையிலிருந்து திரும்பிய தூய்ஷேன் என்ற இளைஞன் பள்ளிக்கூடம் நடத்தப்போகிறேன் என்று வந்து நிற்கிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஊரார் எதற்கு இதெல்லாம் என்கிறார்கள். பழைய பணக்காரன் ஒருவனுடைய குதிரை லாயம் குன்றின்மேல் பாழாய்க் கிடக்கிறது. அதை அவனே மெழுகி, சரிசெய்து, தரையில் வைக்கோல் பரப்பிப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான்.

அந்த வழியாகப் பிள்ளைகள் அடுப்பெரிக்கச் சாணம் பொறுக்கிச் சாக்கில் சுமந்துகொண்டு வருவார்கள். அவர்களில் அல்தினாய் என்று ஒரு பெண். பெற்றோர் இல்லாதவள், சித்தி வீட்டில் அடிபட்டு வளர்கிறவள். குளிர்காலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எரிக்க ஒன்றும் இருக்காதே என்று அவளுக்குத் தோன்றுகிறது. தன் சாக்கில் இருந்ததை முழுவதும் பள்ளி வாசலில் கொட்டிவிட்டு, மறுபடியும் பொறுக்க ஓடுகிறாள். நேரமாகிவிடும், வீட்டில் அடி விழும் என்று தெரியும். அப்படியும் ஓடுகிறாள். அவள் வாழ்க்கையில் தானாக நினைத்துச் செய்த முதல் காரியம் அது. எருமுட்டை தட்டிய கை உள்ள நம் பெண்களுக்கு அந்தச் சாக்கின் கனம் நன்றாகத் தெரியும்.

இன்னொரு காட்சியில் உறையும் ஓடையில் தூய்ஷேன் வெறுங்காலோடு இறங்கி, சின்னப் பிள்ளைகளை முதுகில் ஒன்றும் கையில் ஒன்றுமாகச் சுமந்து அக்கரை சேர்ப்பான். குதிரையில் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது முழுக்க மென்மையான கதை இல்லை. நடுவில் அந்தப் பெண்ணுக்கு நேரும் கொடுமை மனத்தைப் பிசையும். அந்தப் பகுதியை மெஷினில் உட்கார்ந்து படிக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

கேள்வி: அடுப்புக் கதகதப்பு, அன்பான ஆசிரியை, ஆப்பிள் பழம் என்று எல்லாவற்றையும் இனிப்பில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. அந்தக் காலம் நிஜமாகவே அப்படியா இருந்தது? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

இல்லை தம்பி. நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். இந்த நாவல்களை நேசிக்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

1888 ஜனவரி 12. அமெரிக்கச் சமவெளியில் காலையில் வெயில் இதமாக இருந்தது. பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். பகலில் திடீரென்று பனிப்புயல் இறங்கியது. 235 பேர் இறந்ததாகக் கணக்கு. பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் போன பிள்ளைகள் அதில் நிறையப் பேர். அதனால் அதற்குப் 'பள்ளிக்கூடப் பனிப்புயல்' என்றே பெயர் நின்றுவிட்டது. நெப்ராஸ்காவில் மின்னி ஃப்ரீமன் என்ற ஆசிரியை, புல்கட்டியால் கட்டிய பள்ளியின் கூரை பிய்ந்ததும், பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்துப் பக்கத்துப் பண்ணைவீட்டுக்குக் கொண்டுசேர்த்தார். இதை அறிந்த பிறகு நாவலில் ஆசிரியை ஜன்னலைப் பார்த்துவிட்டு "எல்லாரும் அடுப்புப் பக்கம் வாங்க" என்று சொன்னால் அதில் இனிப்பு தெரியாது, பயம் தெரியும்.

குளிர் மட்டும் என்றால் பரவாயில்லை. லாரா குடும்பம் குடியேறிய சமவெளி யாருடைய நிலம்? பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களைப் பற்றி அந்த நாவல் வரிசையில் வரும் சில வாசகங்கள் படிக்கவே கூசும். லாராவின் பெயரில் இருந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை 2018 இல் அமெரிக்க நூலகர்கள் மாற்றியதற்கு அதுதான் காரணம். நான் அந்தப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்திப் பேசாமல் பக்கத்தைத் திருப்புவதில்லை.

அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டிய புத்தகம், மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. 1976 இல் வந்தது. கதை 1933 இல், மிசிசிப்பியில் நடக்கிறது. இது ஓரறைப் பள்ளி இல்லை, ஆனாலும் கிராமத்துக் கறுப்பினப் பிள்ளைகளின் ஏழைப் பள்ளி. ஒருநாள் பாடப்புத்தகம் தரப்போகிறோம் என்கிறார்கள். கதை சொல்லும் சிறுமியின் ஆறு வயதுத் தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுத்தபத்தமான பையன் வேறு. கைக்கு வந்த புத்தகம் அழுக்கும் கிழிசலுமாக இருக்கிறது. அட்டையின் உள்பக்கம் பார்க்கிறான். வருடவாரியாகப் புத்தகத்தின் நிலை, அதைப் பெற்ற மாணவனின் இனம் என்று கட்டம் போட்டிருக்கிறது. வெள்ளைப் பிள்ளைகள் பல வருடம் கிழித்து முடித்து, நிலை 'மிக மோசம்' என்றான பிறகுதான் இவன் முறை வந்திருக்கிறது. புத்தகத்தைக் கீழே போட்டு மிதிக்கிறான். அடியும் வாங்குகிறான். அதே பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் அவனுடைய அம்மா என்ன செய்கிறார் தெரியுமா? காகிதம் வெட்டி, பசை தடவி, அந்தக் கட்டத்தின்மேல் ஒட்டுகிறார். ஒவ்வொரு புத்தகமாக.

கேள்வி: ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருடம் படிக்கிறேன். அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சிக்குக் கிராமப் பள்ளிக்குப் போக வேண்டும். கை கால் நடுங்குகிறது. போவதற்கு முன் ஒரு புத்தகம் சொல்லுங்கள் டீச்சர். (மாணவி, பெரம்பலூர்)

எல்.எம். மான்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் அவான்லி', 1909. பலருக்கு முதல் பாகம்தான் தெரியும். சிலேட்டைப் பையன் தலையில் அடித்து உடைக்கும் சிவப்புத் தலைமுடிப் பெண். இரண்டாம் பாகத்தில் அவளுக்குப் பதினாறு வயது. தான் படித்த அதே பள்ளிக்கே ஆசிரியையாகப் போகிறாள். மான்ட்கோமரி தாமே 1894 இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிடிஃபோர்ட் கிராமப் பள்ளியில் வேலை பார்த்தவர். அதனால் முதல் நாள் படபடப்பெல்லாம் அப்படியே உள்ளபடி இருக்கும்.

பிள்ளைகளை அடிக்கவே மாட்டேன் என்று ஆன் உறுதி எடுத்துக்கொண்டு போவாள். பல்வலியில் இரவெல்லாம் தூங்காத ஒருநாள், எல்லாமே கோணலாகப் போய், அந்தோணி என்ற முரட்டுப் பையனை அடித்துவிடுவாள். அன்று மாலை அவமானத்தில் அழுவாள். ஆனால் கதைப்படி, அடி வாங்கிய பிறகுதான் அந்தப் பையன் அவளை மதிக்கத் தொடங்குகிறான். இங்கே மட்டும் நான் நாவலாசிரியரோடு உடன்பட மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நானும் ஒருநாள் கை ஓங்கியவள்தான். அந்தப் பையன் என்னை மதிக்கவில்லை, பயந்தான். ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. நான் அவன் வீட்டுக்கு நடந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்து அவன் அம்மா கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டு, தப்பு என்மேல்தான் என்று அவனிடமே சொன்னேன். மறுநாள் வந்தான்.

பயிற்சிக்குப் போகும்போது நன்றாகத் தூங்கிவிட்டுப் போ. சாப்பிட்டுவிட்டுப் போ. ஆனுக்கு அன்று அது இரண்டும் இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது. மலைக்கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். இப்போது கண் சுத்தமாகத் தெரியவில்லை. தினமும் மாலை அரைமணி நேரம் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லிவிடுவேன். அவருக்கு ஏற்றது எது? (வாசகர், உடுமலைப்பேட்டை)

சகாயே த்சுபோய் என்ற ஜப்பானிய எழுத்தாளர் 1952 இல் எழுதிய நாவல். அதன் தலைப்புக்கு 'இருபத்து நான்கு கண்கள்' என்று பொருள். ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது.

1928 இல் ஒரு கடலோரக் கிராமத்தின் கிளைப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியையும், அவருடைய முதல் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும்தான் கதை. அவர் பெயர் ஓயிஷி, அதாவது பெரிய கல். ஆள் குட்டை என்பதால் பிள்ளைகள் கோயிஷி, சின்னக் கல் என்று கூப்பிடுவார்கள். சைக்கிளில் வருகிறாரே என்று ஊர் முணுமுணுக்கும். பிள்ளைகள் விளையாட்டாகத் தோண்டிய மணல்குழியில் விழுந்து அவருக்குக் காலில் அடிபடும். பள்ளிக்கு வர முடியாமல் போனதும், பன்னிரண்டு பேரும் வீட்டில் சொல்லாமல் அவரைப் பார்க்கக் கிளம்பி நடப்பார்கள். நடை நீளும், பசிக்கும், ஒருத்தி அழத் தொடங்குவாள், அப்புறம் வரிசையாக எல்லாரும் அழுவார்கள். அன்று அவரோடு சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் அப்பா இந்த இடத்தில் தம் பழைய பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பிறகு போர் வரும். பையன்கள் போவார்கள், சிலர் திரும்ப மாட்டார்கள். 1946 இல் மிஞ்சியவர்கள் தங்கள் ஆசிரியைக்கு ஒரு சின்ன விருந்து வைப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனான இசோகிச்சி போரில் இரண்டு கண்ணையும் இழந்து வந்திருப்பான். அந்தப் பழைய புகைப்படம் கைமாறி அவனிடம் வரும். எனக்கு இந்தப் படம் மட்டும் தெரியும் என்பான். நடுவில் டீச்சர், முன்னால் நான், இந்தப் பக்கம் இவள் என்று ஒவ்வொருவராக விரல் வைத்துக் காட்டுவான். விரல் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித்தான் படும். டீச்சர் திருத்த மாட்டார். ஆமாம், ஆமாம், அவள்தான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.